ஆயிரம் சத்தமும் அசையாத ஒரு காந்தாரமும்

பழைய கீபோர்ட் திறமோ புது கீபோர்ட் திறமோ எண்ட சண்டை எங்கட ஆக்களுக்குள்ள ஓயாது போல கிடக்கு. கலியாண மண்டபத்தில நிகழ்ச்சி முடிஞ்சு வயர் சுத்தேக்க தொடங்கும். பேந்து லாச்சப்பல்ல தேத்தண்ணி குடிக்கேக்க தொடரும். ஒரு பக்கம் ஐம்பது தாண்டின அண்ணைமார். "ஜூனோவின்ர சத்தம் இனி வருமோடாப்பா? இப்ப வாறதெல்லாம் பிளாஸ்ரிக்" எண்டுவினம். மற்றப் பக்கம் பெடியள். "அண்ணை, உங்கட ஜூனோ, ஜூபிற்றர், மூக் எல்லாம் என்ர லப்டொப்புக்குள்ள கிடக்கு, பாரம் தூக்கி ஏன் நாரி முறியிறியள்?" எண்டுவாங்கள். நடுவில நிக்கிற தகப்பன்மார் பாவம். பிள்ளைக்கு ஒரு கீபோர்ட் வாங்க வேணும், யார் சொல்லுறதைக் கேக்கிறது எண்டு தெரியாமல், கடைசியில கடைக்காரன் சொல்லுறதைக் கேட்டு, ஆகக் கூடச் சத்தம் இருக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவினம்.

நான் குசினியில வேலை செய்யிறவன். லீவு கிடைக்கிற சனி ஞாயிறில மேடையில கீபோர்ட்டுக்குப் பின்னால நிக்கிறவன். ரெண்டு பகுதியிட்டயும் எனக்குச் சொல்ல ஒண்டு இருக்கு. பழசு, புதுசு எண்டு ஒரு மெசினுக்கு வயசு பாக்கிறதை விடுங்கோ. எத்தினை சத்தம் எண்டு எண்ணிறதையும் விடுங்கோ. ஒரு கட்டையை அமத்தின பிறகு, அந்தச் சுரத்தை என்ர விரல் இன்னும் என்ன செய்யலாம்? இதைக் கேளுங்கோ. இதைக் கேக்காமல் விட்டதாலதான் எங்கட காசும் போகுது, எங்கட பிள்ளையளின்ர காதும் போகுது.

முதலில பழசைப் பாப்பம்

பழைய சிந்தசைசர் எண்டு கும்பிடுற ஆக்கள் கனபேர் கும்பிடுறது என்னத்தை எண்டு விளங்காமல் கும்பிடுகினம்.

1970 இல வந்த மினிமூக்கை எடுங்கோ. 3 ஓசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு நேரத்தில ஒரு சுரம் தான். ஓசிலேட்டர் எண்டால் மின்சாரத்தை ஒரு கணக்குக்கு ஆட்டிச் சத்தம் உண்டாக்கிற பகுதி. ஃபில்டர் எண்டால் அந்தச் சத்தத்தில இருக்கிற கூர்மையை வெட்டி விடுறது. (பல்கலைக்கழகத்தில பௌதிகவியலை அரைவாசியில விட்டவன் நான். இதை விளங்க அந்த அரைவாசி காணும்.) அந்தத் தடிச்ச சத்தம் உண்மையிலயே வடிவுதான், மறுக்கேல்லை. ஆனால் அதில ஞாபகம் எண்டு ஒண்டு இல்லை. நல்ல ஒரு சத்தத்தைக் கண்டுபிடிச்சால், எந்தக் குமிழ் எங்க நிண்டது எண்டு கடதாசியில கீறி வைக்க வேணும். சூடு மாறினால் சுருதி நழுவும். மேடை லைற் போட்டு அரை மணித்தியாலத்தில சுருதி பாக்க வேண்டி வரும்.

1978 இல டேவ் ஸ்மித் செய்த புரொஃபெற்-5 ஒரு நுண்செயலியை உள்ளுக்கு வைச்சு 40 சத்தத்தை ஞாபகம் வைச்சுது. ஒரு நேரத்தில 5 சுரம். பெரிய புரட்சி. 1981 இல வந்த ரோலண்ட் ஜூபிற்றர்-8 இல 8 சுரம். 1984 இல வந்த ஜூனோ-106 இல 6 சுரம், அதோட சுருதி நழுவாத டிஜிற்றல் கட்டுப்பாடு. அண்ணைமாரின்ர நெஞ்சை உருக்கிற அந்த ஜூனோச் சத்தத்தில பெரிய பங்கு உள்ளுக்குள்ள இருக்கிற கோரஸ் எண்ட சேர்க்கையின்ர வேலை.

இப்ப நான் கேட்ட கேள்வியை இந்த நாலு மெசினிட்டயும் கேளுங்கோ. மினிமூக், புரொஃபெற்-5, ஜூபிற்றர்-8, ஜூனோ-106. நாலிலயும் கட்டையை மெல்லத் தொட்டாலும் சரி, ஓங்கிக் குத்தினாலும் சரி, சத்தம் ஒண்டுதான். விரலின்ர பாரம் அந்த மெசினுகளுக்குத் தெரியவே தெரியாது. "பழைய மெசினில உயிர் இருந்தது" எண்டு கண் கலங்கிறவை இதை ஒருக்கால் யோசிக்க வேணும். கடையில 100 யூரோக்குக் கிடைக்கிற வீட்டுக் கீபோர்ட் சிலதுக்குக் கூட விரலின்ர வேகம் தெரியும்.

அப்ப பழசு ஒண்டுக்கும் உதவாதோ? அப்பிடியும் இல்லை. அந்த மெசினுகளில குமிழ் எல்லாம் கண்ணுக்கு முன்னால இருந்தது. வாசிச்சுக்கொண்டே ஒரு கையால ஃபில்டரைத் திறக்கலாம். மினிமூக்கின்ர இடது பக்கத்தில சுருதியை வளைக்கிற ஒரு சக்கரம். ஒரு சுரத்தில இருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போற கிளைட் வசதி. ஒரு நேரத்தில ஒரு சுரம் தான் எண்டதைக் குறை எண்டுதான் எல்லாரும் எழுதுகினம். எங்கட சங்கீதத்துக்கு அது என்ன குறை? நாதசுரத்தில ஒரு நேரத்தில எத்தினை சுரம் வாசிக்கினம்?

பாம்பாயில இந்திப் படங்களுக்கு வாசிச்ச சரண்ஜித் சிங் எண்ட கலைஞர் 1982 இல ஜூபிற்றர்-8 ஐயும் ரோலண்டின்ர ரெண்டு சின்ன மெசினையும் வைச்சு 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில வாசிச்சுப் பதிவு செய்தார். அந்த நேரம் அது விலைப்படேல்லை. 2010 இல திரும்ப வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பாத்தது. அதைக் கேட்டுப் பாருங்கோ. சுரம் ஒண்டிலயிருந்து ஒண்டுக்கு வழுக்குது. கட்டை போட்ட வாத்தியத்தில ராகத்தைக் கொண்டுவர அந்த மனிசன் பிடிச்சது அந்த மெசினின்ர கிளைட் வசதியைத்தான்.

பழசுகளுக்குள்ள உண்மையிலயே விரலுக்கு மரியாதை குடுத்தது ஒண்டு எண்டால் அது யமஹாவின்ர சிஎஸ்-80. 1970களின்ர பிற்பகுதியில வந்தது. அமத்தின ஒரு கட்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அந்தச் சுரம் மட்டும் பெருக்கும், மற்றச் சுரங்கள் அப்பிடியே இருக்கும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியா விளங்கிக்கொள்ளுற மெசின். மேல ஒரு நீளப் பட்டி, அதில விரலை இழுத்தால் சுருதி இழுபடும். 1982 இல வந்த 'பிளேட் ரன்னர்' படத்தின்ர இசையில வான்ஜெலிஸ் வாசிச்சது இதைத்தான். குறை? கிட்டத்தட்ட 100 கிலோ பாரம், எங்கட குசினியில இருக்கிற அவணைத் தூக்கிறது லேசு. சுருதியும் நழுவும். விலையோ அந்த நாளில 6,900 டொலர் அளவில. ஆர் வாங்கிறது?

1983 இல என்ன நடந்தது?

1983 இல ரெண்டு காரியம் நடந்தது. ஒண்டு, மிடி. வேற வேற கம்பனியின்ர மெசினுகள் ஒண்டோட ஒண்டு கதைக்கிறதுக்கு ஒரு பொதுப் பாஷை. அமெரிக்கன் டேவ் ஸ்மித்தும் ஜப்பான்காரன் ரோலண்டின்ர கக்கேஹாஷியும் முன்னுக்கு நிண்டு கொண்டுவந்தது. போட்டிக் கம்பனிகள் சேந்து ஒரு நல்ல காரியம் செய்தது சரித்திரத்தில அருமை. அதுக்காக அவை ரெண்டு பேருக்கும் 2013 இல கிராமி குடுத்தது சரிதான்.

ஆனால் அந்தப் பாஷை பியானோக்காரனின்ர மூளையில பிறந்த பாஷை. "இந்தக் கட்டையை இவ்வளவு வேகத்தில அமத்தினார், இப்ப விட்டார்." இதுதான் அதின்ர அடிப்படை வசனம். சுருதியை வளைக்கிற செய்தியும் இருக்கு, ஆனால் அது ஒரு சுரத்துக்கு உரியதில்லை. அந்தச் சானலில ஒலிக்கிற எல்லாச் சுரத்தையும் ஒண்டாச் சேத்து வளைக்கும். நாலு விரலில மூண்டு சும்மா இருக்க ஒண்டை மட்டும் அசைக்க ஏலாது. தந்தி வாத்தியக்காரனுக்கு இது சிரிப்பு.

ரெண்டாவது, யமஹா டிஎக்ஸ்7. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில ஜோன் சௌனிங் 1967 இல கண்டுபிடிச்ச எஃப்எம் முறையை வைச்சுச் செய்தது. 16 சுரம், 1,995 டொலர், சுருதி நழுவாது, தனி ஆள் தூக்கலாம். விரலின்ர வேகம் தெரியும், அமத்தின பிறகு அழுத்துறதும் தெரியும். அதைத்தான் ஆஃப்டர்டச் எண்டுறது. ஆனால் சிஎஸ்-80 மாதிரி விரலுக்கு விரல் இல்லை, எல்லாத்துக்கும் சேத்து ஒண்டு. நல்ல மெசின், நான் குறை சொல்லேல்லை. குறை என்னெண்டால், அதில குமிழ்கள் போட்டுது. தட்டையான பொத்தானுகளும் ஒரு சின்னத் திரையும் வந்தது. சத்தத்தை மாத்த வேணுமெண்டால் கணக்குப் பரீட்சை எடுக்கிற மாதிரி. கனபேர் மாத்தேல்லை. கம்பனி போட்டு அனுப்பின 32 சத்தத்தை அப்பிடியே வாசிச்சினம்.

கம்பனிகாரனுக்கு அண்டைக்கு ஒரு பாடம் விளங்கிச்சுது. சனம் சத்தம் செய்யாது, செய்து வைச்ச சத்தத்தைத்தான் வாங்கும். 1988 இல கோர்க் எம்1 வந்தது. உண்மையான வாத்தியங்களைப் பதிவு செய்து, 4 மெகாபைற்றுக்குள்ள அடைச்சு, 100 சத்தம் எண்டு குடுத்தது. இப்ப போனில எடுக்கிற ஒரு படத்தின்ர அளவு அந்த 4 மெகாபைற். அதுக்குள்ள பியானோவும் கோயர் குரலும் புல்லாங்குழலும் எப்பிடி அடைச்சாங்கள் எண்டு இண்டைக்கும் எனக்கு ஆச்சரியம். ஆனால் அதுக்குப் பிறகு விளம்பரம் முழுக்க எண்ணிக்கைதான். 100, 300, 600, 1000, 2000...

எண்ணிக்கை எங்களுக்கு ஏன் பிடிச்சுது?

எங்கட தலைமுறைக்கு எண்ணிக்கையில ஒரு மயக்கம் இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில பற்றரியும் சேத்தி. சைக்கிள் டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். ஊருக்குள்ள ஆரிட்டயும் ஒரு சின்னக் கீபோர்ட் இருந்தால், அதுக்குப் பற்றரி தேடுறதே ஒரு வேலை. அந்தப் பஞ்சத்துக்குள்ளால வந்து, இங்க பிளோஞ்சில கோப்பை கழுவிச் சேத்த காசோட கடைக்குப் போற தகப்பனிட்ட, "இதில 600 சத்தம், அதில 800" எண்டால் அவர் எதை எடுப்பார்? 800 ஐத்தான். கூட எண்டால் நல்லது எண்டு நினைக்கிறார். அவரில நான் பிழை பிடிக்கமாட்டன். விக்கிறவனுக்கு இது தெரியும், அவனிலதான் பிழை.

அந்த 800 க்குள்ள என்ன கிடக்கு எண்டு பாருங்கோ. கனக்க பியானோ, கனக்க ஓர்கன், ஹெலிகொப்டர், நாய் குலைக்கிறது. ஷெனாய், சித்தார் எண்டு பேர் போட்ட சிலதும் இருக்கும். அதிலயும் ஒரு கூத்து. சிலதில கமகத்தையே சாம்பிளுக்குள்ள பதிஞ்சு வைச்சிருப்பாங்கள். கட்டையை அமத்தினால் அதே அசைவு, அதே வேகம், ஒவ்வொரு முறையும். கலியாண வீட்டில எல்லாரோடயும் ஒரே சிரிப்புச் சிரிக்கிற மாப்பிள்ளை மாதிரி.

அதே கீபோர்ட்டில சுருதி வளைக்கிற சக்கரம் இருக்கோ எண்டு பாருங்கோ. மலிவான வீட்டுக் கீபோர்ட்டுகள் கனக்கில இல்லை. 1970 இல மினிமூக்கில இருந்த ஒரு சக்கரம்! மலிவை விடுங்கோ. யமஹாவே 2018 இல வெளியிட்ட மோடிஎக்ஸ், நல்ல மெசின், ஆயிரம் யூரோவுக்கு மேல. டிஎக்ஸ்7 இன்ர எஃப்எம் முறையை இன்னும் விரிச்சு உள்ளுக்கு வைச்சிருக்கிறாங்கள். ஆனால் அதின்ர கட்டையளில ஆஃப்டர்டச் இல்லை. 1983 இல டிஎக்ஸ்7 இல இருந்தது. 35 வருசம் முன்னேறி விரலிட்ட இருந்து ஒண்டைப் பறிச்சிருக்கினம். கூடின விலை மெசின் வாங்கினால்தான் அது கிடைக்கும்.

தோடி எங்க போச்சு?

"பொழுதுபோக்குக்கு வாசிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு ஏன்?" எண்டு கேப்பியள். ஏனெண்டால் புலம்பெயர்ந்த நாடுகளில கனக்கப் பிள்ளையளுக்கு எங்கட சங்கீதத்தோட முதல் உறவு இந்தப் பெட்டியாலதான் வருது. வீணை படிக்க வீடு காணாது, வயலினுக்குப் பொறுமை காணாது, கீபோர்ட் எண்டால் அமத்தின உடன சத்தம் வரும். அதால கீபோர்ட் வகுப்பு. அதிலயே சரளி வரிசை, அதிலயே கீர்த்தனை.

தோடி ராகத்தை எடுங்கோ. தோடியின்ர காந்தாரம் ஒரு இடத்தில நிக்கிற சுரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில ஆடுற சுரம். அந்த ஆட்டம்தான் தோடி. ராஜரத்தினம்பிள்ளையின்ர நாதசுரத்தில தோடி கேட்ட ஒருத்தருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் காந்தாரத்தைக் கீபோர்ட்டில ஒரு கட்டையா அமத்திப் பிடிச்சுப் பாருங்கோ. சுரத்தானம் சரி, புத்தகத்தில உள்ளபடி சரி, பரீட்சைக்கும் புள்ளி வரும். ஆனால் அது தோடி இல்லை. ஊரின்ர பேர் எழுதின பலகை மட்டும் நிக்குது, ஊர் இல்லை.

வகுப்பில ரீச்சர் அதை அப்பிடியே விடுகிறா. பிள்ளை 5 வருசம் அதைத்தான் தோடி எண்டு வாசிக்குது. பேந்து ஒரு நாள் கோயில் திருவிழாவில மேளக்காரர் உண்மையான தோடி வாசிக்கேக்க, "என்னப்பா சுருதி ஆடுது?" எண்டு பிள்ளை கேக்கும். பிள்ளை ஏமாத்தப்பட்டிருக்கு. காசு குடுத்து ஏமாத்தப்பட்டிருக்கு.

இது புதுச் சண்டையும் இல்லை. அகில இந்திய வானொலி 1940 இல ஹார்மோனியத்தைத் தடை செய்தது. கட்டையில நிக்கிற சுரம் அசையாது, இந்திய சங்கீதத்துக்கு ஒத்துவராது எண்டதும் அதுக்குச் சொன்ன முக்கிய காரணங்களில ஒண்டு. 1971 இலதான் அந்தத் தடை தளரத் தொடங்கிச்சுது. தடை போட்டது முட்டாள்த்தனம் எண்டுதான் நானும் சொல்லுவன், ஆரையும் வாசிக்க வேண்டாமெண்டு சொல்ல ஆருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவை கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஹார்மோனியத்துக்கு அதைக் கேட்ட நாங்கள், 800 சத்தப் பெட்டிக்கு முன்னால வாயை மூடிக்கொண்டு நிக்கிறம்.

"உது மேல்நாட்டு வாத்தியம் தானே, அதிட்ட ஏன் கமகம் கேக்கிறியள்?" எண்டு சிலர். வயலின் எந்த நாட்டு வாத்தியம்? பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில வந்து, இண்டைக்கு வயலின் இல்லாமல் கச்சேரியே இல்லை. ஏன் வந்தது, ஏன் நிண்டது? அதில விரலைத் தடுக்கிற கட்டையோ மெட்டோ இல்லை. மாண்டலின் சீனிவாசன் மின்சார மாண்டலினில செய்ததையும் கத்ரி கோபால்நாத் சாக்சபோனில செய்ததையும் எல்லாரும் கேட்டனாங்கள். வாத்தியத்துக்குப் பாஸ்போட் பாக்கத் தேவையில்லை. விரலுக்கோ மூச்சுக்கோ அது வழி விடுதோ எண்டதுதான் கேள்வி. சென்னையில கே. சத்தியநாராயணன் கீபோர்ட்டிலயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்யிறார். வலது கை சுரம், இடது கை சுருதி வளைக்கிற இடத்தில. எங்கட சங்கீதத்தில ஒரு நேரத்தில ஒரு சுரம் எண்டதால, மிடியின்ர அந்தப் பழைய குறையும் எங்களைத் தடுக்காது. ஒரு சக்கரமே காணும். அந்தச் சக்கரத்தைத்தான் வகுப்புகளில தொட விடுகினமில்லை.

புதுசில நல்லது இல்லையோ?

இருக்கு. பழசை விக்கிறவை சொல்லாததை நான் சொல்லுறன்.

பழைய ஜூனோ-106 ஐ இண்டைக்கு ஒருத்தர் ரெண்டாயிரம் யூரோ எண்டு விக்கிறார் எண்டு வையுங்கோ. அதின்ர குரல் சிப்புகள் காலம் போகச் சாகிறதுக்குப் பேர் போனவை. டிஎக்ஸ்7 இன்ர உள் பற்றரி செத்தால் போட்டு வைச்ச சத்தமெல்லாம் போகும். 1990களில எங்கட மேடையெல்லாம் ஆண்ட ரோலண்ட் எக்ஸ்பி-80, இண்டைக்கும் நான் மதிக்கிற மெசின், 64 சுரம், 76 கட்டை, சுருதி வளைக்கிற நெம்பு, ஆஃப்டர்டச் எல்லாம் உண்டு. ஆனால் பாட்டுகளை ஃபுளொப்பித் தட்டிலதான் வைக்கும், அந்தத் தட்டு இப்ப எங்க? புது மெசினில சுருதி நழுவாது, 128 சுரம் ஒண்டாய் ஒலிக்கும், தோளில போட்டுக்கொண்டு மெற்றோவில ஏறலாம். 2017 இல பெரிங்கர் கம்பனி மினிமூக்கின்ர சத்தத்தைக் கிட்டத்தட்ட 300 யூரோக்குக் கொண்டுவந்தது. கட்டை இல்லாத சின்னப் பெட்டி, நகல் எண்டு ஏசினவையும் கனபேர். ஆனால் எங்களை மாதிரி ஆக்களுக்கு அந்தச் சத்தம் கைக்கு எட்டினது அப்பதான்.

லப்டொப்புக்குள்ள எல்லாம் இருக்கு எண்ட பெடியளுக்கும் ஒண்டு. 2019 இல அப்பிள் தன்ர புது இயங்குதளத்தில 32-பிற் மென்பொருளுகளை நிப்பாட்டினது ஞாபகமோ? எத்தினை சிந்தசைசர்கள் ஒரே இரவில ஊமையாச்சுது! 1983 இன்ர டிஎக்ஸ்7 பற்றரி மாத்தினால் இண்டைக்கும் வாசிக்கும். மாசச் சந்தா கட்டிற சத்தம், நீங்கள் காசு கட்டுறதை நிப்பாட்டினால் நிண்டுபோகும். அதை வைச்சிருக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ, வாடகைக்கு இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ.

ஆனால் புதுசில உண்மையான முன்னேற்றம் எண்டு நான் நினைக்கிறது வேற. 2018 இல எம்பிஇ எண்டு மிடிக்கு ஒரு விரிவு அங்கீகரிக்கப்பட்டுது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சானல் குடுக்கிறது. அதால ஒரு விரலின்ர சுரம் மட்டும் வளையலாம். 2019 இல வந்த ஹைட்ராசிந்தில சிஎஸ்-80 இன்ர மாதிரி விரலுக்கு விரல் ஆஃப்டர்டச் திரும்பி வந்தது. இடையில சில மெசினுகளை விட்டால் கனகாலம் அருமையாக் கிடந்த சாமான். கட்டையே இல்லாத ஹாக்கன் கொன்ரினியத்தை ஏ. ஆர். ரஹ்மான் 2009 இல வந்த 'டெல்லி-6' படத்தின்ர 'ரெஹ்னா து' பாட்டில வாசிச்சார். விரல் வழுக்கிற இடமெல்லாம் சுரம். அதே ஹாக்கனின்ர சத்த இயந்திரத்தை உள்ளுக்கு வைச்சு, இந்தப் பிரான்ஸ் நாட்டுக் கம்பனி எக்ஸ்பிரஸிவ் ஈ, ஒஸ்மோஸ் எண்டு ஒண்டு செய்திருக்கு. 49 கட்டை. ஒவ்வொரு கட்டையும் பக்கவாட்டில அசையும். அசைச்சால் அந்தச் சுரம் அசையும்.

யோசிச்சுப் பாருங்கோ. எங்கட சங்கீதத்துக்கு ஆக அவசியமான காரியத்தை எங்களுக்கெண்டு ஆரும் செய்யேல்லை. எங்களுக்கெண்டு கம்பனிகள் செய்தது தபேலாத் தாளமும் சித்தார்ச் சத்தமும் போட்ட பெட்டி. ஏன்? நாங்கள் கேட்டது அதைத்தான். ஒஸ்மோஸ் வெளிவந்தபோது கிட்டத்தட்ட 1,800 யூரோ, அதை வாங்குங்கோ எண்டு நான் சொல்லேல்லை. எங்கட சம்பளத்துக்கு அது விசர் வேலை. ஆனால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒவ்வொரு வருசமும் கீபோர்ட் வாங்கிற சமூகம் நாங்கள். வாங்கிறவன் எதைக் கேக்கிறானோ அதைத்தான் விக்கிறவன் கொண்டுவருவான். சாப்பாட்டுக் கடையில நிக்கிற எனக்கு இது நல்லாத் தெரியும். வாற சனம் உறைப்புக் குறையக் கேட்டுக் கேட்டு, இப்ப உறைப்பே இல்லாத கறியைத் தமிழ்ச் சாப்பாடு எண்டு விக்கினம்.

ஆனபடியால் அடுத்த முறை கடைக்குப் போகேக்க எத்தினை சத்தம் எண்டு கேளாதேங்கோ. மூண்டு கேள்வி கேளுங்கோ. விரலின்ர வேகம் இதுக்குத் தெரியுமோ? சுருதி வளைக்கிற சக்கரமோ நெம்போ இருக்கோ, அது எத்தினை சுரம் மட்டும் வளைக்கும் எண்டதை மாத்த ஏலுமோ? அமத்தின பிறகு அழுத்தினால் ஏதும் நடக்குமோ? முதல் ரெண்டும் இல்லாட்டி அது எங்கட பிள்ளைக்கு வேண்டாம், வெளிய வாங்கோ. அது 1996 இன்ர பழைய மெசினா இருந்தாலும் ஒண்டுதான், போன மாசம் வந்ததா இருந்தாலும் ஒண்டுதான்.

சங்கீத ரீச்சர்மாருக்கு ஒரு சொல்லு. சக்கரம் கஷ்டம், சின்னப் பிள்ளையளுக்கு வராது எண்டு சொல்லுறியள். வீணையில தந்தியை இழுக்கிறது சின்னப் பிள்ளைக்கு லேசோ? அங்க ரெண்டு வருசம் விரல் நோகப் பழக்கிறியள், இங்க ஒரு சக்கரத்தைத் தொடப் பழக்க ஏலாதோ? ஏலாட்டி, இது தோடியின்ர சுரங்கள் மட்டும் தான், தோடி இல்லை எண்டு பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ. அந்த ஒரு வசனம் காணும். பிள்ளை உண்மையான தோடியைத் தானே தேடிப் போகும்.

பி.கு: வீட்டு அலுமாரிக்கு மேல பழைய கீபோர்ட் ஒண்டு தூசி பிடிச்சுக் கிடந்தால் எறியாதேங்கோ. இறக்கிப் பாருங்கோ, இடது பக்கத்தில ஒரு சக்கரமோ நெம்போ இருக்கோ எண்டு. இருந்தால் பிள்ளைக்குப் புதுசு வாங்கத் தேவையில்லை. உள் பற்றரியை மட்டும் தெரிஞ்ச ஒருத்தரிட்டக் குடுத்து மாத்துங்கோ.